அகராதி சாரின் அரைச் சொல்

ஜவ்வாது மலையில் அந்த நாளில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் எங்கள் ஆபீசர். இன்னொருத்தி நான், அதுவும் பார்த்து டைப் அடிக்கிற அளவுக்கு. மூன்றாமவர் பேசிய இங்கிலீஷ் இங்கிலாந்திலேயே செத்து, காரியமெல்லாம் முடிந்து, இருநூறு வருஷம் ஆகியிருந்தது. அவர்தான் அகராதி சார்.

நம் பக்கம் ஒருவரை அகராதி என்றால் திமிர் பிடித்தவர் என்று அர்த்தம். இவரோ ஆபீஸ் வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் நகர்ந்துக்கோங்க" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். புதிதாக வந்த ஆபீசர் முதல் நாளே, "யாருய்யா இங்க அகராதி?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். எதிரே ஒட்டடைக் குச்சி மாதிரி ஒருவர் கைகட்டி நிற்பதைப் பார்த்ததும் மடித்த கையை இறக்கி விட்டுக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசி அது. புதூர்நாட்டுப் பக்கம், மலைக் கிராமங்களுக்கென்று ஒரு சின்ன அரசாங்க அலுவலகம். ஓட்டுக் கட்டடம், மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். நான் வாணியம்பாடியிலிருந்து வந்த டைப்பிஸ்ட், வயது இருபத்து மூன்று, வேலை இன்னும் தகுதிகாண் பருவத்தில். அகராதி சார் கிளார்க். அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பதினேழு வருஷமாகத் தற்காலிகம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி, குடத்தைக்கூட இறக்கி வைக்காமல், "இன்னா, பர்மனெண்ட் பண்ட்டாங்களா?" என்று கேட்பாராம். "இந்தத் தடவை ஆயிடும்" என்று பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

அவரிடம் ஒரு பழைய இங்கிலீஷ் அகராதி இருந்தது. வாணியம்பாடிப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகவிருந்ததைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்வார், ஏதோ கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கி வந்தவர் போல. ஏ, பி, சி மூன்று எழுத்தையும் கரையான் தின்றிருந்தது. டி-யிலிருந்துதான் அவருடைய இங்கிலீஷ் ஆரம்பம். சில சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "பி-ல எவ்ளோ நல்ல வார்த்தையெல்லாம் இருந்திச்சோ!" என்று பெருமூச்சு விடுவார். அந்த அகராதியில் வழக்கொழிந்த சொற்களுக்கு எதிரே சிலுவை மாதிரி ஒரு குறி போட்டிருக்கும். அகராதி சார் மற்ற சொற்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார். சிலுவை போட்டது எதுவோ அதுதான் வேண்டும்.

"ஏன் சார், இருக்கிற இங்கிலீஷே நமக்கு வரலை. செத்துப்போனதை எதுக்கு இழுத்துக்கினு வர்றீங்க?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"யாரும் கூப்டாததனால செத்துப் போச்சிங்க. கூப்ட்டா வந்துடும்" என்றார்.

கூப்பிட்டார். அது வந்தது. எங்கள் பாடுதான் திண்டாட்டமானது.

வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு சும்மா இருப்பதற்கு வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் 'ஃபட்ஜல்' என்று ஒரு சொல் வைத்திருந்தானாம். எங்கள் பியூன் பிச்சாண்டி அந்தக் கலையில் மன்னன். ஒரே கோப்பை மேஜையிலிருந்து பீரோவுக்கும் பீரோவிலிருந்து மேஜைக்கும் காலையிலிருந்து மதியம் வரை எடுத்துப் போவார். ஒரு நாள் அகராதி சார், "பிச்சாண்டி, ஃபட்ஜல் போதுங்க" என்றார். உள்ளே இருந்த ஆபீசர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "ஃப்யூயலா? முந்தாநேத்துதானே டீசல் போட்டீங்க? ஜீப்பு லாக் புக்கை எடுய்யா!" அன்று மதியம் பூராவும் ஜீப் ஓடிய கிலோமீட்டரைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். பிச்சாண்டி மட்டும் ஹாயாக இருந்தார்.

யாராவது சாப்பிடும்போது தமக்கும் கொடுப்பார்களா என்று வாயையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு 'க்ரோக்' என்று ஒரு சொல். நான் டிபன் டப்பாவைத் திறந்தால் வாசல் நாயும் பிச்சாண்டியும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். அகராதி சார் தலையை நிமிர்த்தாமலே, "க்ரோக்" என்பார். பிச்சாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சார், நானு கொரங்கா?" அன்றைக்கு அவரைச் சமாதானப்படுத்த என் பங்கு புளிச்சோறு முழுவதும் செலவானது.

ஒரு வாரத்துக்கு 'ஸென்னைட்' என்று பெயர். ஏழு ராத்திரி என்பது திரிந்து அப்படி ஆனதாம். ஒரு ஸென்னைட் விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆபீசர் கூப்பிட்டு, "சென்னையில உனக்கு யாருய்யா இருக்காங்க?" என்றார். "யாரும் இல்லீங்க சார்." "அப்புறம் எதுக்கு அங்க போற?" "போகலீங்க சார்." "போகாததுக்கு எதுக்குய்யா லீவு?" கால் மணி நேரம் இரண்டு பேரும் மிகுந்த மரியாதையோடு இப்படியே பேசிக்கொண்டார்கள். கடைசியில் லீவு கிடைக்கவில்லை.

இதை நான் சிரிப்புக்காக எழுதினாலும் அகராதி சார் ஒரு நாளும் சிரித்து நான் பார்த்ததில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர் முகத்தோடுதான் ஒவ்வொரு சொல்லையும் சொல்வார். புதுச் சொல் ஒன்று கண்ணில் பட்டால் அதை எங்களிடம் அறிவிக்கும் வழக்கமும் கிடையாது. அதற்கான சந்தர்ப்பம் தானாக வரவேண்டும் என்று காத்திருப்பார். இழுத்து வைத்துச் சொன்னால் சொல்லுக்கு மரியாதை இல்லையாம்.

ஆபீசருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. கடிதம் என்றால் நான்கு வரி, நான்கு வரியும் மேலே இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மாவட்டத் தலைமையிடத்திலிருந்து "உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தி எந்த மொழியில் உள்ளது?" என்று விளக்கம் கேட்டு வந்த அன்று, அகராதி சாருக்கு மெமோ கொடுத்தார். இன்னொரு முறை இப்படி எழுதினால், நிரந்தரம் செய்வோர் பட்டியலில் அவர் பெயர் போகாது. அதை டைப் அடித்தது நான்தான். அகராதி சார் அதை வாங்கி இரண்டு முறை படித்து, "ஒரு பிழை இல்லாம அடிச்சிருக்கீங்க டைப்பிஸ்டம்மா" என்றார்.

இந்த நேரத்தில்தான் பச்சையம்மா விஷயம் வந்தது.

ஆபீசிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, சாலை இல்லாத ஒரு மலையூர். அங்கே சாமை விதைக்கிற சடையன் என்பவரின் மகள் பச்சையம்மா. அந்தச் சுற்று வட்டாரத்தில் பத்தாவது தேறிய முதல் பெண். வேலூரில் நர்சுப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டதிலிருந்து சாதிச் சான்று வாங்கிக் கொடுத்ததுவரை எல்லாம் அகராதி சார் வேலை. தேதி வரும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தார்கள். சடையன் வாரத்துக்கு இரண்டு நாள் நடந்து வந்து வாசலில் நிற்பார். மலைக்காரர்கள் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள், கலெக்டரானாலும் கடவுளானாலும். "இன்னா, தேதி வந்துச்சா நீ?" என்பார். "வரலீங்க" என்பார் அகராதி சார். சரி என்று திரும்பி நடப்பார்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் வேலூரிலிருந்து போன் வந்தது. எங்கள் டெலிபோன் காற்றடித்தால் செத்துப்போகும். அன்று அதிசயமாக உயிரோடு இருந்தது. நான் உள்ளே ஆபீசரிடம் டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அகராதி சார்தான் எடுத்தார். பச்சையம்மாவுக்கு இன்டர்வியூ புதன்கிழமை காலை பத்து மணிக்கு.

திங்களுக்குப் புதன், நாளன்னைக்கு. ஐயோ, அந்த நாளன்னைக்கு!

அவர் அகராதியில் பத்து நாளைக்கு முன்புதான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருந்தார். 'ஓவர்மாரோ'. நாளைக்கு அடுத்த நாள். நாம் நாளன்னைக்கு என்று ஒரே சொல்லில் சொல்வதை இங்கிலீஷ்காரன் மூன்று சொல் போட்டு நீட்டி முழக்குகிறானே என்று அவருக்கு வெகுநாள் ஆதங்கம். அவனிடமும் ஒரே சொல் இருந்திருக்கிறது, கவனமில்லாமல் தொலைத்துவிட்டான் என்று தெரிந்ததும் அகராதி சாருக்கு அந்தச் சொல்மேல் தாங்க முடியாத பரிவு வந்துவிட்டது. பத்து நாளாகச் சந்தர்ப்பம் பார்த்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மெமோ வாங்கிய மனிதர் சும்மா இருக்கலாம். டெலிபோன் செய்திப் பதிவேடு உள்ளூர்ப் பதிவேடுதானே, மேலே யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துவிட்டார்.

பதிவேட்டை எடுத்தார். பக்கத்தில் கடைசி வரிதான் மிச்சம். பேனாவை அழுத்தி, அழகான கையெழுத்தில், பச்சையம்மா இன்டர்வியூ என்று இங்கிலீஷில் எழுதி, அடுத்து 'ஓவர்' என்று எழுதியதும் பக்கம் முடிந்துவிட்டது. திருப்பி, அடுத்த பக்கத்து முதல் வரியில் 'மாரோ, பத்து மணி, வேலூர்' என்று முடித்தார். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. ஆலங்காயத்துக்கு நில அளவைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் உடனே கிளம்ப வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் பிச்சாண்டியிடம், "சடையன் வந்தா சொல்லிடுங்க, ஓவர்மாரோ! பதிவேட்டுல இருக்கு!" என்று கத்திவிட்டு ஏறினார்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சடையன் வந்தார். கூடவே பச்சையம்மா. பள்ளிக்கூடத்துப் பச்சைப் பாவாடை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை.

"பிச்சாண்டி, சார் ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டேன்.

"ஜீப்பு சத்தத்துல சரியா உழலைம்மா. இன்னாமோ ஓவர்னாரு. பொஸ்தகத்துல கீதாம்."

பதிவேட்டைத் திறந்தேன். பச்சையம்மா இன்டர்வியூ ஓவர். பக்கம் அங்கே முடிந்திருந்தது.

ஓவர் என்றால் முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள டைப்பிஸ்டாக வேண்டியதில்லை, தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பையனுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு ஒரு விநாடி ஆகியிருக்கும். நான் திருப்பவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இன்றும் இருக்கிறது.

"இன்டர்வியூ முடிஞ்சிடுச்சாங்க. நமக்குத் தகவல் லேட்டா வந்திருக்கு" என்றேன்.

சடையனுக்குப் புரியவில்லை. "முடிஞ்சிச்சின்னா? எம் பொண்ணு இல்லாம எப்டி முடியும்?"

"மத்தவங்களை எல்லாம் பாத்து முடிச்சிட்டாங்க."

பச்சையம்மா அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தாள். "வாப்பா, போலாம்." அவ்வளவுதான் சொன்னாள். கேட்டைத் தாண்டும்வரை அழாமல் போனாள். தாண்டியதும் அவள் தோள் குலுங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் திரும்பி டிக்டேஷனை டைப் அடிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் செவ்வாய். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி புதன் காலை பத்து மணிக்கு வருவதாகத் தகவல். தற்காலிக ஊழியர்களை நேரில் பார்த்து, பணிப் பதிவேட்டைச் சரிபார்த்து, நிரந்தரப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார். ஆளே இல்லையென்றால் பெயரும் இல்லை. எங்கள் ஆபீசர் அவரை அழைத்து வரத் திருப்பத்தூருக்கு இறங்கிவிட்டார். பதினொரு மணிக்கு ஆலங்காயத்திலிருந்து வந்து சேர்ந்த அகராதி சார் இதைக் கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவன் கண்ணைத் தொறந்துட்டாருங்க" என்றார். உடனே, "பச்சையம்மா கெளம்பிடுச்சிங்களா? நாளைக்குப் பத்து மணிக்கு அங்க இருக்கணுமே" என்றார்.

"எங்க சார்?"

"வேலூர்லதாங்க. இன்டர்வியூ."

"முடிஞ்சிடுச்சின்னு எழுதியிருந்தீங்களே!"

அவர் பதிவேட்டைத் திறந்தார். பக்கத்தைத் திருப்பினார். திரும்ப முன்பக்கத்துக்கு வந்தார். மறுபடி திருப்பினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டைப்ரைட்டருக்கு உறை போட்டேன்.

ஒரு சுடுசொல் சொல்லியிருக்கலாம். "பக்கத்தைத் திருப்பத் தெரியாதா?" என்று கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கூரை பிய்த்துக்கொள்ளக் கத்தியிருப்பேன். அவர் செருப்பை மாட்டினார். "பத்து கிலோமீட்டர்ங்க. இப்பவே நடந்தா ரெண்டு மணிக்குப் போயிடலாம்" என்றார்.

"நானும் வர்றேன் சார்."

"நானும்" என்றார் பிச்சாண்டி. அன்று அவர் கையில் எந்தக் கோப்பும் இல்லை.

மூன்று பேரும் நடந்தோம். ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். வழி நெடுகப் புளிய மரமும் பலாவும். எனக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாமல் விக்கல் வந்தது. பிச்சாண்டி இலையில் சுனைத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

"எம்மேலதான் சார் தப்பு."

"இல்லீங்க. பக்கம் முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. வார்த்தையை ஒடைச்சி எழுதினது நானு." பாதையில் கிடந்த முள்ளை ஒதுக்கினார். பிறகு, "பத்து நாளா அந்த வார்த்தையை எங்க போடலாம்னு பாத்துக்கினே இருந்தேங்க. ஒரு பொண்ணு பொழப்புலயா கொண்டுபோய்ப் போடுவாங்க? எனக்கு இன்னாங்க புத்தி அது?" என்றார். அந்த மூன்று மணி நேரத்தில் சிலுவை போட்ட சொல் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

சடையன் வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னோம். அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து முடிஞ்சிச்சின்னீங்க. இன்னிக்கி நாளைக்குன்றீங்க. நான் மாமன் வூட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டனே! நாளன்னிக்கிப் பாக்கு மாத்தி நிச்சயம் பண்ண வர்றாங்க."

நாளன்னைக்கு. அகராதி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"தப்பு எங்களுது அண்ணே" என்றேன் நான். "நானே கூட்டிக்கினு போறேன். வேலூர்ல விட்டு, இன்டர்வியூ முடிய, திரும்பக் கூட்டியாந்துடறேன்." இதை நான் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். நான் போனால் அகராதி சார் ஆபீசுக்குத் திரும்பிவிடலாம். காலையில் பெரிய அதிகாரி முன்னால் நிற்கலாம்.

சடையன் தலையை ஆட்டினார். "ஒங்கூட அனுப்பமாட்டேன். முடிஞ்சிச்சின்னு சொன்னது நீதான? பாதி வழியில நின்னுக்கினு மறுபடி முடிஞ்சிச்சிம்ப."

பச்சையம்மா கதவருகே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் காதில் விழுந்த மறுகணமே சான்றிதழ் வைத்திருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

சடையன் அகராதி சாரைக் காட்டி, "நீ வர்றதுன்னா வர்றோம். ரெண்டு மாசமா வரலை வரலைன்னு சொன்ன. ஒரு நாளும் பொய் சொன்னதில்லை" என்றார்.

பிச்சாண்டி பொறுக்கமாட்டாமல், "யோவ், அவரு நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ்ல இருந்தே ஆகணும்யா. பதினேழு வருச வேல!" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்? அவரு வந்தா அனுப்புறேன்."

அகராதி சார் ஒரு கணம்கூட யோசித்த மாதிரி தெரியவில்லை. யோசித்திருப்பார், முகத்தில் காட்டவில்லை. "வாங்க, வெளிச்சம் இருக்கிறப்பவே எறங்கிடலாம்" என்றார். அந்த ஊரிலிருந்து ஆலங்காயம் பக்கம் இறங்க ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. இருட்டுவதற்குள் அடிவாரம் போய், விடிந்ததும் முதல் பஸ் பிடித்தால் வாணியம்பாடி, அங்கிருந்து வேலூர். முன்னால் பச்சையம்மா, பின்னால் சடையன், கடைசியில் அகராதி சார். வளைவில் மறையும் முன் திரும்பி, "டைப்பிஸ்டம்மா, அந்தப் பதிவேட்டை யாரும் தொடாம பாத்துக்கோங்க" என்றார். நானும் பிச்சாண்டியும் திரும்பி நடந்தோம்.

புதன் காலை பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வந்தார். பெயரைப் படித்தார். "ஆள் எங்கே?" என்றார். நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஆபீசர் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன். அதிகாரி பட்டியலில் ஒரு பெயர்மேல் கோடு இழுத்தார். நீளமாகக்கூட இழுக்கவில்லை. இரண்டு விரற்கடை இருக்கும்.

வியாழக்கிழமை காலை புளி மூட்டை ஏற்றப் போகிற ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு அகராதி சார் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும், "கெடைச்சிடுச்சிங்க" என்றார். "மூணு கேள்வி கேட்டாங்களாம். மூணுக்கும் பதில் சொல்லிடுச்சாம். அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாங்க. பாக்கு மாத்தறது இப்பத்திக்கு இல்லைன்னு சடையன் மாமன் வூட்டுக்குச் சொல்லப் போய்ட்டாருங்க." அவர் வாய் விரிந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். முன்னே பின்னே பார்த்திராததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார். தவறான தகவல் சொன்னது யார், ஆய்வு நாளில் ஆள் இல்லாதது ஏன், எழுத்து மூலம் விளக்கம் வேண்டும். நான் முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பாதது என் கவனக்குறைவு என்று. தகுதிகாண் பருவத்தில் அப்படி எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நீட்டுவதற்குள் அகராதி சார் தம்முடையதை மேஜைமேல் வைத்துவிட்டார். ஆபீசர் உரக்கப் படித்தார். இங்கிலீஷில் இருந்தது, நான்கே வரி. நான் எழுதிய சொல் இன்று வழக்கில் இல்லை. அதை இந்த அலுவலகத்தில் யாரும் அறிந்திருக்க நியாயமில்லை. டைப்பிஸ்ட் அந்தப் பக்கத்தில் இருந்ததைச் சரியாகவே படித்தார், பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். பிழை என்னுடையது மட்டுமே.

ஒவ்வொரு சொல்லும் உயிரோடு இருக்கிற சொல். அவர் அப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை.

"இல்ல சார், நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாம இரும்மா" என்றார் ஆபீசர். அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு சொன்னார். இனிமேல் எழுத்திலும் சரி, பேச்சிலும் சரி, வழக்கில் இல்லாத எந்தச் சொல்லையும் பயன்படுத்தமாட்டேன் என்று ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி, தாமே மாவட்டத்துக்கு நேரில் போய், விட்டுப்போன பெயரைச் சேர்க்கச் சொல்வார். அவர் செய்யக்கூடியது அதுதான். செய்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உறுதிமொழியை ஆபீசர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். அசலும் இரண்டு கார்பன் நகலும். 'பேச்சிலும்' என்ற இடத்தில் விரல் நின்றது. ஆபீசர் காத்திருந்தார். அடித்தேன். அகராதி சார் மூன்று தாளிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதத்தில் பணி நிரந்தர ஆணை வந்தது. பச்சையம்மா வேலூரில் படித்துக்கொண்டிருந்தாள். என் தகுதிகாண் பருவமும் குறையில்லாமல் முடிந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஆபீசில் கேட்கச் சகிக்கவில்லை. அகராதி சார் ஒரு வாரம் என்றால் 'வீக்' என்றார். பிச்சாண்டி நான் டிபன் டப்பாவைத் திறக்கும்போது வேண்டுமென்றே என் எதிரில் வந்து நின்று வாயைப் பார்ப்பார், ஏதாவது சொல்லமாட்டாரா என்று. அகராதி சார் சொல்லமாட்டார். ஒரு நாள் ஆபீசரே வெளியே வந்தார். பிச்சாண்டி அதே பழைய கோப்போடு பீரோவுக்கு நடந்துகொண்டிருந்தார். ஆபீசர் கொஞ்சம் தயங்கி, "ஏய்யா, இந்த மாதிரி பண்றதுக்கு ஒரு வார்த்தை சொல்வியே, இன்னாது அது?" என்றார்.

அகராதி சார் எழுந்து நின்றார். "ஞாபகம் இல்லீங்க சார்."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. ஆபீசர் "ஓ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று பூராவும் வெளியே வரவில்லை.

நான் இப்போது பெரிய ஊரில் இருக்கிறேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், அவருடைய சொற்களுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று தோன்றும். ஓவர்மாரோவை மட்டுமாவது யாராவது திரும்பக் கொண்டுவரலாம். ஒரே ஒரு நிபந்தனை, பக்கத்தின் கடைசி வரியில் எழுதக்கூடாது.

எனக்கு மாற்றல் வந்தபோது மலைக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஜீப்பில் பெட்டியை ஏற்றியது பிச்சாண்டி. அகராதி சார் ஜீப் கதவருகில் நின்றார். நான் குனிந்து, ஆபீசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். யாருக்கும் கேக்காது" என்றேன்.

"எழுதிக் குடுத்தாச்சிங்களே" என்றார். "நீங்கதான அடிச்சீங்க?"

ஜீப் கிளம்பியது. இரண்டடி கூடவே நடந்து வந்தவர், "பாத்து, பத்திரமா போய்ட்டு வா, கண்ணு" என்றார்.

அந்த இரண்டரை வருஷத்தில் என்னை அவர் வாங்க, போங்க என்றல்லாமல் பேசியதில்லை. திருப்பத்தூர் வரும்வரை அழுதேன். இப்போது எனக்கு அறுபதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. என்னை வா என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர் அந்த உரிமையை ஒரே ஒரு தடவைதான் எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதவில்லை.